நாலால் வகுபடும் நாடித்துடிப்பு

விசில் டீச்சரைப் பற்றிய கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். தொற்று வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்ட வருஷத்தில், ஃபோனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாளாம். திரையில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளாம். பார்த்த மாத்திரத்தில், "உங்கம்மாவுக்கு மூச்சு இழுக்குது, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு" என்றாளாம். சொன்னதோடு நிற்கவில்லையாம், பஸ் இல்லாத அந்த நாளில் ஓடியே அந்த வீட்டுக்குப் போனாளாம். முதலில் சொன்னவர்கள் நாலு கிலோமீட்டர் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் வாயில் அது பத்தானது. சலூனில் போய்க் கேட்டால், அந்த அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள் என்கிறார்கள். இன்னும் ஆறு மாதம் போனால் பறந்தே போயிருப்பாள். கடைசியில், பாராட்டு மழையில் தலை கொழுத்து, பார்த்த வேலையை உதறிவிட்டுப் போய்விட்டாள் என்று கதை முடியும்.

கேட்பதற்கு ருசியான கதை. அதில் ஒரு வரி மட்டும் உண்மை: இப்போது அவள் அந்தப் பள்ளியில் இல்லை. மற்றது எப்படி நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி கேளுங்கள்.

அவள் பி.டி. டீச்சர். சின்ன வயதில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். முழங்கால் ஒரு நாள் ஒத்துழைக்க மறுத்தது. அதன் பிறகு ஓடவைக்கும் வேலைக்கு வந்தாள். பத்தொன்பது வருஷம் ஒரே பள்ளி. பி.டி. டீச்சர் என்றால் பள்ளியில் என்ன மரியாதை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். பெஞ்ச் நகர்த்த வேண்டுமா, கூப்பிடு விசிலை. பிள்ளை வாந்தி எடுத்ததா, கூப்பிடு விசிலை. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து பல்லைக் காட்டுவாள்.

"உன் பீரியடை இன்னிக்கு எனக்குக் குடுத்துடு விசிலு. நீ என்ன, சும்மா ஓடத்தானே விடப்போற?"

"ஏன், உன் பிள்ளைங்க உட்கார்ந்தே கணக்குல தோக்கறது போதாதா?" என்பாள் இவள். ஆனாலும் கொடுத்துவிடுவாள். பத்தொன்பது வருஷத்தில் கணக்கு டீச்சர் கடன் வாங்கிய பீரியடைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஊரடங்கு வந்தது. பள்ளி ஃபோனுக்குள் போயிற்று. முதல் மாதம் ஓவிய டீச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது மாதம் பாட்டு டீச்சர். மூன்றாவது மாதம் தலைமையாசிரியை, பள்ளியில் எல்லாரும் சொல்வதுபோல் பெரிய மேடம், இவளைக் கூப்பிட்டாள். குரல் தேன் போல இருந்தது. பெரிய மேடம் குரலில் தேன் வந்தால் பின்னாலேயே தேனீயின் கொடுக்கும் வரும்.

"பிள்ளைங்க வீட்டுல உட்கார்ந்து உப்பிப் போறாங்கன்னு பெத்தவங்க சொல்றாங்க. நீங்க இருக்கீங்கன்னு நான் சொல்லியிருக்கேன். ஆனா எனக்கு ஆதாரம் வேணும் மேடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறாம் வகுப்பு நாப்பது பிள்ளைக்கும் ரிப்போர்ட். சுத்தமா இருக்கணும். ஏனோதானோன்னு இருந்துச்சுன்னா, பி.டி.ன்னு ஒரு பாடம் எதுக்குன்னு அவங்களே கேப்பாங்க."

வீட்டில் அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸ்கள் பூட்டியதும் லிஃப்ட்டுகள் நின்றன, அவரும் நின்றார். "லிஃப்டே ரெஸ்ட் எடுக்குது, நான் எடுத்தா என்ன?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, மனைவியின் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டு வைப்பார். வீடு முழுதும் அந்த ஒரு ஃபோனில்தான் தொங்கியது.

வகுப்பு ஹாலில் நடந்தது. சோபாவைச் சுவரோடு தள்ளி, குக்கர் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, டிராக் பேன்ட்டோடு நின்றாள். முதல் நாளே அசிங்கம். விசிலை வாயில் வைத்து ஊதினாள். மேலே போகவேண்டிய கை ஃபேனில் இடித்தது. கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். "மேல என்ன, குதிரை வாங்கிக் கட்டியிருக்கீங்களா?" ஆனால் பிள்ளைகள் யாரும் அசையவில்லை. வீடியோ செயலி விசிலை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டி எறிந்துவிட்டது. தெரு முழுதும் கேட்ட சத்தம் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கவில்லை. கன்னம் உப்பிய ஒரு பொம்பளையைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

இரண்டாம் வாரம் அந்தப் பிள்ளைகளும் மறைந்தார்கள். கேமராவை அணைத்துவிட்டார்கள். நாற்பது கறுப்புக் கட்டங்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த வீடுகளை அவளுக்குத் தெரியும். ஒரே அறையில் ராத்திரி வேலை முடித்துத் தூங்கும் அப்பா, அடுப்பு, கொடியில் ஈரத்துணி. அதைக் காட்ட எந்தப் பிள்ளை விரும்பும்? பாய் அளவு இடத்தில் செய்யக்கூடியதாகவே அவள் பயிற்சிகளை மாற்றினாள். சுவரைத் தள்ளுவது. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கயிறு இல்லாமல் கயிறு தாண்டுவது. ஆனால் கறுப்புக் கட்டத்துக்குள் பிள்ளை குதிக்கிறதா, மிட்டாய் சப்புகிறதா, எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டில் எதை எழுதுவது?

அப்போதுதான் நாடி பிடிக்கும் யோசனை வந்தது.

"கட்டை விரலால பிடிக்காதீங்க, அதுக்கே ஒரு துடிப்பு உண்டு, ஏமாத்தும். ரெண்டு விரலை மணிக்கட்டுல வைங்க. பதினஞ்சு செகண்டு எண்ணுங்க. வர்றதை நாலால பெருக்குங்க. பயிற்சிக்கு முன்னாடி ஒரு நம்பர், பின்னாடி ஒரு நம்பர். ஃபோன்ல வர்ற ஃபார்முல ரெண்டு கட்டம் இருக்கும், அதுல போடுங்க."

இதில் அவளுடைய குறும்பு ஒன்று இருந்தது. நாலால் பெருக்கினால் வரும் எண் நாலால் வகுபட வேண்டும். எண்பத்து எட்டு வரலாம், எண்பத்து ஒன்பது வராது. எழுபத்தைந்து, தொண்ணூறு என்று எழுதிய திருடர்களையெல்லாம் முதல் நாளே பிடித்துவிட்டாள். "தொண்ணூறாம்ல? அந்த அரைத் துடிப்பை எங்கடா வெச்சிருக்க, பாக்கெட்லயா?" என்பாள். பிள்ளைகள் மைக்கைத் திறந்து சிரிப்பார்கள். பொய் சொன்னால் விசில் மிஸ் கணக்கிலேயே பிடித்துவிடுவாள் என்று பேராயிற்று. கணக்கு டீச்சர்கூட, "என் வேலையையும் நீயே பாரேன்" என்றாள். சனிக்கிழமை ரிப்போர்ட் போனது. பெரிய மேடம் "குட்" என்று ஒரு சொல் அனுப்பினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் குட்.

அந்த வகுப்பில் ஒரு பெண். மெலிந்து நெடுநெடுவென்று இருந்ததால் பென்சில் என்று கூப்பிடுவார்கள். அப்பா கிடையாது. அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். மாடியில் ஒற்றை அறை. கணக்கில் பென்சில் சுமார்தான், ஆனால் நாடி பிடிக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

ஒரு திங்கட்கிழமை பென்சிலின் ஃபார்மில் பயிற்சிக்கு முன்னால் நூற்று இருபத்து நாலு என்றும், பின்னால் நூற்று இருபத்து நாலு என்றும் இருந்தது.

"பென்சில், மைக்கைத் திற. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நூத்தி இருபத்து நாலா உனக்கு? ஓடிட்டு வந்து உட்கார்ந்தியா?"

"இல்ல மிஸ். எண்ணித்தான் எழுதினேன்."

"யாரை எண்ணின? ரோட்டுல போற நாயையா?"

முப்பத்தொன்பது பேர் சிரித்தார்கள். பென்சில் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். மைக் மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை நூற்று இருபத்து எட்டு. டீச்சருக்குச் சுருக்கென்றது. ரிப்போர்ட்டில் நாற்பது வரி. முப்பத்தொன்பது நேராக நிற்க, ஒன்று மட்டும் கோணல். பெரிய மேடம் கண் அந்தக் கோணலில்தான் போய் நிற்கும்.

"விளையாடறியா நீ? நான் இங்க ஒவ்வொரு நம்பரா மேல அனுப்பணும், தெரியுமா?"

"மிஸ், அது சரியான நம்பர்தான் மிஸ். நீங்க நல்லாப் பாருங்களேன்."

"எனக்கே பார்க்கச் சொல்லித் தர்றியா?"

புதன்கிழமை நூற்று முப்பத்திரண்டு. அன்றைக்கு அவளுக்குக் காலையிலிருந்தே முழங்கால் வலி, கீழ் வீட்டுக்காரர் வேறு மாடியேறி வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். "பொய் சொல்ற பிள்ளைக்கு என் கிளாஸ்ல இடம் இல்ல. ஒழுங்கான நம்பர் போட்டா வா, இல்லேன்னா வராதே" என்று சொல்லி, பென்சிலின் கட்டத்தை வகுப்பிலிருந்து நீக்கினாள். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் போதும்.

வியாழக்கிழமை ஃபார்மில் எழுபத்திரண்டு, நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரியான எண்கள். டீச்சர் அதன் பக்கத்தில் "வெரி குட்" என்று போட்டாள்.

வெள்ளிக்கிழமை பென்சில் வரவில்லை.

சனிக்கிழமை ரிப்போர்ட்டை முடிக்க உட்கார்ந்தவள், வெள்ளிக்கிழமைக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று பென்சிலின் எண்ணுக்கு ஃபோன் போட்டாள். அதற்காகத்தான் போட்டாள்; அதை மறக்காதீர்கள். எடுத்தது ஒரு ஆண் குரல். பென்சிலின் மாடிக்குக் கீழே குடியிருக்கும் பார்சல் வேன் டிரைவர்.

"டீச்சரா? அந்தம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க டீச்சர். நேத்துக் காலைல இந்தப் பொண்ணு ஒரு சீட்டைத் தூக்கிட்டு இறங்கி வந்துச்சு. திங்கக்கிழமைல இருந்து அவங்கம்மா கைல நாடி பிடிச்சு எழுதி வெச்சிருக்கு. நூத்தி இருபத்து நாலு, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, முப்பத்தாறு. கடைசில நூத்தி நாப்பது. 'மாமா, உட்கார்ந்திருக்கும்போதே இப்படி ஓடக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க'ன்னுச்சு. பார்சலை எல்லாம் ரோட்டுல இறக்கி வெச்சுட்டு வேன்ல ஏத்திட்டுப் போனேன்."

டீச்சர் ரிப்போர்ட்டை மூடி வைத்தாள்.

"ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. டாக்டரு அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, இதைப் புதன்கிழமையே யாராவது பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்னாரு. சொல்லித் தந்தது நீங்கதானாமே? கெட்டிக்கார டீச்சர் நீங்க."

"அது ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் டீச்சர்.

"வெளிய சொன்னா கட்டடத்துக்கே தகரம் அடிச்சு மூடிடுவாங்க, கம்பெனில திரும்ப எடுக்க மாட்டாங்கன்னு அம்மா வாயைக் கட்டிப் போட்டிருக்கா. ஒரே ரூமு, அம்மா பக்கத்துலயே படுத்திருக்கா. பொண்ணு என்ன பண்ணும்? 'ஃபார்ம்ல போட்டேன் மாமா, மிஸ் பார்த்தாக் கேப்பாங்கன்னு போட்டேன்'னு சொல்லுச்சு."

மிஸ் பார்த்தாள். கேட்கவும் செய்தாள்.

ஃபோனை வைத்துவிட்டு அந்த வாரத்து எண்களை எடுத்தாள். நூற்று இருபத்து நாலு, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு. நாலால் வகுத்துப் பார்த்தாள். சுத்தமாக வகுபட்டன. மற்ற பிள்ளைகளைப் பிடிக்க அவள் வைத்திருந்த அந்தக் கணக்கை இந்தப் பிள்ளைக்கு மட்டும் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. எழுபத்திரண்டையும் வகுத்தாள். அதுவும் வகுபட்டது. பொய் சொல்லும்போதுகூடப் பிள்ளை முறைப்படிதான் சொல்லியிருந்தது.

அன்று மாலை டீச்சர்கள் குழுவில், பென்சிலின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிள்ளை நாடி பிடித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது என்று இரண்டு வரி எழுதினாள். மூன்றாவது வரி விரல் நுனிவரை வந்தது. எழுதவில்லை. வாயில் எதுவும் நிற்காத கணக்கு டீச்சர் அந்த இரண்டு வரியை எடுத்துக்கொண்டு பத்து பேருக்கு ஃபோன் போட்டாள். கூட்டல் அவளுக்குக் கைவந்த கலை. ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் விசில் டீச்சர் திரையில் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள். ராத்திரிக்குள் ஓடத் தொடங்கிவிட்டாள்.

திங்களன்று பெரிய மேடம் கூப்பிட்டாள். இம்முறை தேன் மட்டும்தான்.

"என்ன மேடம், இவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு சொல்லவே இல்ல! அடுத்த வருஷ அட்மிஷனுக்கு உங்க ஃபோட்டோவைப் போட்டு நோட்டீஸ் அடிக்கப் போறோம். உங்க வேலையைப் பத்தி இனிமே பேச்சே கிடையாது, நிம்மதியா இருங்க."

"மேடம், அது முழுசா அப்படி இல்ல..."

"அடக்கம் எல்லாம் அப்புறம். நெட் கட் ஆகுது, வெக்கறேன்."

புருஷனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் ஃபோனைச் சார்ஜில் போட்டார். "நீயா பொய் சொன்ன? ஊரு சொல்லுது. நீ சும்மா இரு. லிஃப்ட் ஓடற வரைக்குமாவது சும்மா இரு."

சும்மா இருந்தாள். மறுநாளே பென்சிலைக் கூப்பிட்டுத் திரும்ப வகுப்புக்கு வரச் சொன்னாள். கறுப்புக் கட்டம் வந்து நின்றது, மைக் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை வேன் டிரைவரின் வீட்டிலிருந்து படித்தது. நோட்டீஸ் வந்தது. டிராக் பேன்ட்டோடு அவள் படம், கீழே "பாடம் மட்டுமல்ல, உயிரும் காக்கிறோம்". கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையை வைத்துவிட்டு, மாடிப்படியில் பார்த்தால் கும்பிடத் தொடங்கினார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

முப்பத்தோரு நாள் கழித்துப் பென்சிலின் அம்மா வீடு திரும்பினாள். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது. டீச்சர் மாஸ்க் மாட்டிக்கொண்டு நடந்தே போனாள். இருபத்தாறு படி. கதவைப் பென்சில் திறந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள்.

அம்மா கட்டிலில் முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். "டீச்சர்..." என்றாள். மூச்சு வாங்கினாள். "நீங்க இல்லேன்னா..." மறுபடியும் மூச்சு. "என் பிள்ளை அநாதையாயிருக்கும்." கம்பெனியில் ஒரு நாளைக்கு எழுநூறு காலர் தைத்தவள். இப்போது நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிட வேண்டும். கம்பெனிக்காரன் வேறு ஆளைப் போட்டாயிற்று. நோட்டீஸை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். எடுத்து டீச்சரிடம் காட்டினாள்.

டீச்சர் பென்சிலைப் பார்த்தாள். ஒரு பிள்ளைக்கு வேண்டிய கோபம் அந்த முகத்தில் இருந்திருந்தால் சமாளித்திருப்பாள். அது இல்லை.

வாசல்வரை கூட வந்த பெண் மெதுவாகச் சொன்னது: "மிஸ், அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அவங்க உங்களைத்தான் நினைச்சுட்டு இருக்காங்க. அப்புறம் மிஸ்... இப்பல்லாம் கிளாஸ்ல நான் கரெக்டான நம்பர்தான் போடறேன். எழுபத்திரண்டு."

இருபத்தாறு படியையும் அவள் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஃபோனில்தான், ஆனால் பெரிய மேடம் இவளைப் பள்ளிக்கே வரவழைத்து, தன் அறையில், தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், ஒரே லேப்டாப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள். மேசையில் பூங்கொத்து. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் இவள் பெஞ்ச் நகர்த்தியிருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. திரையில் இருநூறு கட்டம். பெரிய மேடம் உயிர் காக்கும் கல்வியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். பிறகு, "இப்போது அந்த மாணவியே நன்றி சொல்வாள்" என்றாள்.

ஒரு கட்டம் பெரிதானது. பென்சில். பக்கத்தில் தலையணையோடு அம்மா. பென்சிலின் கையில் காகிதம், எழுதிக் கொடுத்தது பள்ளி. பெண் ஒப்பிக்கத் தொடங்கியது: "எங்கள் அன்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியை, என் முகத்தைப் பார்த்த உடனேயே..."

"நிறுத்து பென்சில்" என்றாள் டீச்சர்.

பெரிய மேடம் மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "மேடம், லைவ்ல இருக்கோம். உங்க வேலையை நினைச்சுப் பாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது இருநூறு வீட்டிலும் கேட்டது.

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் யார் முகத்தையும் பார்க்கல. கேமராவே ஆஃப்ல இருந்துச்சு. எங்கயும் ஓடல, வீட்டுல சோபாவுல உட்கார்ந்திருந்தேன். இந்தப் பொண்ணு மூணு நாள் அவங்கம்மா நாடியை எனக்கு அனுப்புச்சு. மூணு நாளும் பொய்க்காரின்னு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, கிளாஸை விட்டே தூக்கிட்டேன். நாலாவது நாள் பயந்துபோய்ப் பொய் நம்பர் போட்டுச்சு, அதுக்கு வெரி குட் போட்டேன். அவங்களைக் காப்பாத்தினது இந்தப் பொண்ணும் ஒரு வேன் டிரைவரும். அந்தம்மா இன்னிக்கு நாலு படி ஏற முடியாம உட்கார்ந்திருக்காங்களே, அதுலதான் என் பங்கு இருக்கு."